கொல்லங்குடிக் குரல்



2025-ஆம் ஆண்டு சூன் 14-ஆம் நாள் சிவகங்கைச் சீமையில் ஒரு மூதாட்டி தமது தொண்ணூற்றொன்பதாம் அகவையில் கண்மூடினார். கொல்லங்குடி கருப்பாயி என்னும் அவரது பெயரை நம் குடும்பங்களில் நடுவயதைக் கடந்தோர் அறிவர். 1985-இல் வெளிவந்த ‘ஆண்பாவம்’ திரைப்படத்தில் பாட்டியாக வந்து, தம் சொந்தக் குரலிலேயே பாடியவர் அவர். அப்படத்தைக் கண்டு சிரித்தோர் பலர். அப்பாட்டி எங்கிருந்து வந்தார் என்று கேட்டோர் சிலரே.

கொல்லங்குடி, காளையார்கோவிலை அடுத்த சிற்றூர். புனித அருளானந்தர் 1693-இல் குருதி சிந்திய ஓரியூரும் அதே மறவர் சீமையைச் சேர்ந்ததுதான். வானம் பார்த்த அந்தப் பூமியில் பாட்டு என்பது பொழுதுபோக்கன்று. மண்வெட்டியும் அரிவாளும் போல அதுவும் ஒரு கருவி. நடவில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடுவர். கை தளராதிருக்கவும், வரிசை பிறழாதிருக்கவும், இடுப்பு வலி மறக்கவும் அந்தத் தாளம் உதவும். அத்தகைய பாட்டின் வழிவந்தவரே கருப்பாயி அம்மையார். வித்துவான் முன் அமர்ந்து சுரவரிசை பயின்றவர் அல்லர். காதால் வாங்கி நெஞ்சில் வைத்தவர்.

அவரைத் திரையுலகம் கண்டுபிடித்ததாகக் கூறுவது முழு உண்மையாகாது. வானொலி அவரை முன்னரே கண்டிருந்தது. நாட்டுப்புறப் பாடல்களை அவர் அதில் பாடி வந்தார். அதன் பின்னரே இயக்குநர் பாண்டியராஜன் அவரை நடிக்க அழைத்தார். அப்போது அம்மையாருக்கு வயது ஏறத்தாழ அறுபது! பிறர் ஓய்வு பெறும் பருவத்தில் அவருக்குப் புகழ் வந்தது. இளையராஜாவின் இசையில் ஒலித்த அக்குரலில் மெருகேற்றிய இனிமை இல்லை. வெயிலில் உலர்ந்த குரல் அது. ஆயினும் சுதி விலகாத குரல். ‘ஆயுசு நூறு’ முதலான சில படங்கள் தொடர்ந்தன. 1993-இல் தமிழக அரசு கலைமாமணி விருதளித்தது. பின்னர் வாய்ப்புகள் அருகின. முதுமையில் அவர் பட்ட வறுமையைச் செய்தித்தாள்கள் எழுதின.

மதுரையை அடுத்த பரவை முனியம்மாளின் கதையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 2003-இல் ‘தூள்’ படத்தால் பட்டிதொட்டியெங்கும் அறியப்பட்டவர். நோயோடு போராடி, 2020 மார்ச் 29 அன்று, கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டிற்குள் அடைபட்டிருந்த வேளையில் மறைந்தார். திரையுலகம் இவர்களைக் கறிவேப்பிலையாகப் பயன்படுத்தியது என்று சிலர் சினந்துகொள்கின்றனர். சினம் நியாயமே. ஆனால் திரைப்படம் இல்லையேல் அந்தக் கறிவேப்பிலையின் மணத்தை நாம் அறிந்தே இருக்கமாட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் வேங்கிக்கால் பக்கத்திற்கு வருவோம். இங்கும் நடவுப் பாட்டும் களையெடுப்புப் பாட்டும் ஒலித்த வயல்கள் உண்டு. இன்று அவற்றுள் சில வீட்டுமனைகளாகிவிட்டன. எஞ்சியவற்றில் நடவு இயந்திரம் இறங்குகிறது. இயந்திரத்திற்குப் பாட்டு வேண்டாம். எஞ்சி நிற்பது ஒப்பாரி ஒன்றே. அதற்கும் இப்போது சாவு வீட்டில் இடமில்லை. ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பாட்டுப் போடுகிறார்கள்.

உயிர்ப்பை நம்பும் கிறிஸ்தவர் ஒப்பாரி வைக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. இலாசரின் கல்லறையருகே ஆண்டவர் கண்ணீர் விட்டார். சிலுவைப் பாதையில் தமக்காக மாரடித்துப் புலம்பிய பெண்களை அவர் வாயை மூடச் சொல்லவில்லை. உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்றே திரும்பிச் சொன்னார். வீரமாமுனிவர் தேவதாயின் துயரைப் பாட ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ இயற்றினார். இலங்கையில் பணிபுரிந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் மக்களை அழவைத்தது. மக்களினங்களின் மரபிசையை மதித்துப் போற்ற வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய ஏட்டிலேயே கூறிவிட்டது. குருமடத்தில் எங்களுக்கு ஆர்மோனியம் கற்பித்தனர். நம் தாய்மார் பாடியதை எவரும் கற்பிக்கவில்லை. நாட்டார் வழக்காற்றியலுக்கென்று பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் ஒரு துறையே அமைந்திருப்பது ஆறுதல்.

ஒப்பாரியைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? இறந்தவரை உறவுமுறை சொல்லி அழைத்துத் தொடங்கும். அவர் பெருமையை அடுக்கும். பின்பு மெல்லத் திரும்பி, பாடுபவளின் சொந்தக் குறையைச் சொல்லும்: பிறந்த வீட்டில் இழந்த உரிமை, புகுந்த வீட்டில் பட்ட சொல், குடிகாரக் கணவன். வேறெங்கும் வாய் திறவாத பெண் ஊரார் நடுவே தன் வழக்கை உரைக்கும் மன்றம் அது. அதையும் ஒலிபெருக்கியால் அடைத்துவிட்டால் அவள் எங்கே போய்ச் சொல்வாள்?

நம் பங்கில் ஒப்பாரியும் தாலாட்டும் அறிந்த முதியோர் மூவரோ நால்வரோ இருக்கின்றனர். இளைஞர்கள் தம் கைப்பேசியில் அவர்கள் பாடுவதைப் பதிவுசெய்து, பாடியவர் பெயரையும் பிறந்த ஊரையும் உடன் எழுதி வைக்கட்டும். கீபோர்டு வாசிக்கும் தம்பிக்குக் கொடுப்பதில் குறையாத சன்மானம் இவர்களுக்கும் பங்கு நிதியிலிருந்து தரப்படும். இதை அன்பியக் கூட்டத்தில் அறிவித்தபோது மூத்த அம்மா ஒருவர் உடனே மறுத்தார். “சாவு விழாத வீட்டுல அதப் பாடக் கூடாது சாமி. பாடினா ஆகாது.” அது அவர்களுடைய மரபு, வற்புறுத்தவில்லை. கூட்டம் கலைந்தபின் அவரே வந்து கேட்டார்: “நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறை மந்திரிக்க வருவீங்க இல்ல? அங்க எங்க வூட்டுக்காரர் இருக்காரு. அங்கன்னா பாடறேன்.”