‘தொலைந்தது’ என்னும் சொல்

பி. டிராவன் எழுதி 1926-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ‘மரணக் கப்பல்’ நாவலின் நாயகன் ஓர் அமெரிக்க மாலுமி. ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் அவன் கரையில் இருக்கும்போதே கப்பல் புறப்பட்டுவிடுகிறது. அவனுடைய மாலுமி அட்டையும் அதனோடு போய்விடுகிறது. காவலர்கள் இரவோடு இரவாக அவனை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுகிறார்கள். தன் நாட்டுத் தூதரகத்துக்குப் போனால், அவன் பிறந்ததற்கே தாள் கேட்கிறார்கள். கடவுச்சீட்டைத் தொலைத்த செல்வச் சீமாட்டி ஒருத்திக்கோ அங்கே சிரமமின்றிப் புதியது கிடைக்கிறது. வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு இந்த நாவல்தான் நினைவுக்கு வருகிறது.

வெளிநாட்டில் கடவுச்சீட்டைத் தொலைத்த இந்தியருக்கு நமது தூதரகம் வழங்கும் தாளின் பெயர் அவசரச் சான்றிதழ். 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் இதனை இந்தியாவுக்குள் நுழைவதற்கு அனுமதிக்கும் பயண ஆவணம் என்றே வகுத்திருக்கிறது. ஒரு வழி, ஒரே பயணம். சிங்கப்பூருக்குச் சுற்றுலா போனவருக்கு இது பெரிய விஷயமில்லை. காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலோடும் புகைப்படங்களோடும் தூதரகம் போய் விண்ணப்பித்து, ஊர் வந்து புதிய சீட்டுக்கு எழுதிக்கொள்வார். இரண்டு நாள் அலைச்சல், ஒரு விமானச் சீட்டின் நஷ்டம், நண்பர்களிடம் சொல்வதற்கு ஒரு கதை.

கடன் வாங்கி வேலைக்குப் போன கட்டடத் தொழிலாளிக்கு அதே தாள் வேறொரு பொருளைத் தருகிறது. அவர்கள் அதனை அவசரச் சான்றிதழ் என்று சொல்வதில்லை, ‘அவுட்பாஸ்’ என்கிறார்கள். வெளியே போவதற்கான சீட்டு. அரசு வைத்த பெயரைவிட இதுவே உண்மைக்கு நெருக்கமானது. ‘கடவு’ என்றால் வழி. இந்தத் தாளிலோ திரும்பி வரும் வழி மட்டுமே உண்டு. (கடவுச்சீட்டு என்ற அழகிய சொல்லை ஈழத்தவர் பேச்சிலும் புழங்குகிறார்கள், நாம் பாஸ்போர்ட்டோடு நின்றுவிட்டோம்.)

நமது வருத்தம் இன்னொரு சொல்லைப் பற்றியது. இவர்களில் பலர் கடவுச்சீட்டைத் தொலைக்கவே இல்லை. அது முதலாளியின் அலுவலக மேசைக்குள் பத்திரமாக இருக்கிறது. அப்படிப் பிடித்துவைப்பது அந்நாடுகளிலேயே குற்றம்தான். கத்தாரின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 25,000 ரியால் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் சம்பளம் வராமல் வேலையை விட்டு வெளியேறியவர் அந்த மேசைக்கு முன்னே மறுபடியும் போய் நிற்க முடியுமா? அதற்குள் அவர் மீது ‘ஓடிப்போனவர்’ என்ற புகார் பதிவாகியிருக்கும். சவுதித் தொழிலாளர் நாவில் இதற்கு ‘ஹுரூப்’ என்று பெயர். ஆகவே அவர் அவசரச் சான்றிதழுக்கு எழுதுகிறார். காரணம் கேட்கும் இடத்தில் ‘தொலைந்துவிட்டது’ என்று நிரப்பிவிடுவதே எளிது என்று உடனிருப்பவர்கள் சொல்லித்தருகிறார்கள். பறித்தவர் பெயர் தாளில் இல்லை. பறிகொடுத்தவர் கவனக்குறைவானவராகப் பதிவாகிறார். பழைய சீட்டு ரத்தாகிறது. ஊர் வந்தபின், தொலைந்ததற்கு ஈடாகக் கேட்கும் புதிய சீட்டுக்குக் கட்டணமும் கூடுதல்.

மொழி படித்தவர்கள் ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு வாதாடுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ‘தொலைந்தது’ என்பதற்கு எழுவாய் கடவுச்சீட்டு. ‘பிடித்துவைத்தார்’ என்று எழுதினால் எழுவாயாக ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். அந்த ஆளை யாராவது கேள்வி கேட்க வேண்டியிருக்கும். 2013-இல் சவுதியிலும், 2018-இலும் 2024-இலும் அமீரகத்திலும் பொதுமன்னிப்பு அறிவித்தபோது தூதரகங்களின் முன் வரிசை நீண்டது. அந்த நெருக்கடியில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விசாரிக்க இயலாது என்பதை ஏற்கிறோம். பொதுமன்னிப்பு இல்லாத நாட்களிலும் விசாரிக்காதிருப்பதற்கு அது சமாதானமாகாது.

நாட்டிழந்தவர்களுக்காக 1922-இல் நான்சென் பெயரால் ஒரு தாள் உருவாயிற்று. அதனை வைத்திருந்தவர்களுள் நபக்கோவும் ஒருவர். நம்மவரோ நாடில்லாதவர் அல்லர். குடியுரிமையும் தூதரகமும் உள்ளவர். அவருக்குத் தேவை இரக்கமன்று. சான்றிதழ் தருமுன் முதலாளியை அழைத்துச் சீட்டைத் திரும்பக் கேட்கும் ஓர் அதிகாரி போதும். கிடைக்காவிடில், பிடித்துவைத்தவரின் பெயரைத் தாளிலேயே பதிய வேண்டும். நிலுவைச் சம்பளத்துக்கான புகாரையும் அதே நாளில் வாங்கிக்கொள்ள வேண்டும்; ஊர் வந்து சேர்ந்தவர் அங்கே வழக்கு நடத்துவது அரிது. விமானச் சீட்டுக்குப் பணமில்லாதவர்களுக்கு உதவ 2009-இல் ஏற்படுத்திய இந்திய சமூக நல நிதி தூதரகங்களில் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதை விண்ணப்பம் வாங்கும் சாளரத்தின் மேல் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுவதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.