ஒருசாலை மாணாக்கரும் சட்டாம்பிள்ளைகளும்

கல்வியாண்டுத் தொடக்கம் நெருங்கினால் பொறியியல் கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் ஒரு தாள் தவறாமல் முளைத்துவிடுகிறது. 'சக மாணவர்களுக்கு வழிகாட்டியாகுங்கள்' என்று இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களை அது அழைக்கும். முதலாண்டுக்காரருக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று அதில் ஒரு வரிகூட இராது. வழிகாட்டப் போகிறவருக்குத் தலைமைப் பண்பு வளரும், சான்றிதழ் தரப்படும், வளாக நேர்காணலில் சொல்லிக்கொள்ள ஏதேனும் இருக்கும் என்ற பட்டியல் மட்டும் நீளமாக இருக்கும். தடுமாறி நிற்கும் ஒருவரை இன்னொருவருடைய முன்னேற்றத்துக்கான கச்சாப்பொருளாகப் பார்க்கும் இந்தக் கரிசனத்தைப் பாசாங்கு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்துப் பெயர் கொடுத்து ஓராண்டு வழிகாட்டிகளாக இருந்தவர்கள் என்ற உரிமையில் இதை எழுதுகிறோம்.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் கல்விக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாக வாங்கிக்கொண்டாலும் கால்பங்குதான் தேறும். உடன் கற்போரோடு பழகுவதில் இன்னொரு கால் சேரும். மிச்சமுள்ள அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது வருகிறது. ஆக, கல்வியின் முக்கால் பங்கு ஆசிரியரின் முன்னிலைக்கு வெளியே நடக்கிறது. உடன் பயில்வோரை 'ஒருசாலை மாணாக்கர்' என்று அழைத்த மொழி இது. அந்த அழகிய சொல் இருக்க, நாம் 'மென்டர்' என்று சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறோம். (ஹோமரின் காவியத்தில் மென்டர் என்ற முதியவர் தாமாகச் செய்தது சொற்பமே. தெலெமாக்கஸுக்கு வழிகாட்டியவள், அவருடைய உருவை எடுத்து வந்த அதீனா. பெயர் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு என்ற வகையில் நம் கல்லூரிகளுக்குப் பொருத்தமான பெயர்தான்.)

தமிழ்க் கல்வி மரபில் இன்னொருவரும் உண்டு: திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை. அவரும் மாணவர்தான். ஆனால் ஆசிரியருக்குப் பதிலாகப் பிரம்பைப் பிடிப்பவர், யார் என்ன செய்தார்கள் என்று போய்ச் சொல்பவர். 1789இல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை உருவாக்கி, 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்தில் அது பரவியதற்கு முக்கியக் காரணம் சிக்கனம். ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். முழுநேர உளவியல் ஆலோசகர் ஒருவரை நியமிக்காமல் நாற்பது வழிகாட்டி மாணவர்களுக்குச் சான்றிதழ் அச்சடிக்கும் கல்லூரி, பெல் பாதிரியாரை அறியாமலே அவருடைய சீடனாகியிருக்கிறது.

விதிகளிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. பொன். நாவரசுவின் கொலை நடந்தது 1996இல். தமிழ்நாட்டின் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. 2009இல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் இறந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகளில், விரும்பி முன்வரும் மாணவர்களைக் கொண்ட வழிகாட்டிக் குழு அமைக்க வேண்டும் என்று இருக்கிறது; ஆறு புதியவர்களுக்கு ஒருவர், அப்படி ஆறு பேருக்கு மேலே ஒருவர் என்று படிவரிசையும் உண்டு. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வழிகாட்டி பிறந்தது ஒரு தடுப்பு விதிக்குள். பிறவிக்குணம் போகவில்லை: நட்பு என்று பெயர், காவல் என்று வேலை.

எங்களுக்கும் ஆறு பேரைத்தான் தந்தார்கள். அவர்களில் தமிழ்வழியில் படித்து வந்த ஒருவர், கணித வகுப்பில் மூன்று வாரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார். விடுதி மொட்டைமாடியில் நோட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. பேராசிரியர் 'இன்டக்ரேஷன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது, தாம் பள்ளியில் ஆசையோடு போட்ட தொகையிடல்தான் என்பது அவருக்குத் தெரியாது. 'டிட்டர்மினன்ட்' என்றால் அணிக்கோவை, 'மேட்ரிக்ஸ்' என்றால் அணி. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். முகம் மாறிவிட்டது. பாடம் நடத்தியவருக்கு இப்படியொரு சுவர் இருப்பதே தெரிந்திருக்க நியாயமில்லை. ஓராண்டுக்கு முன் அதே சுவரில் முட்டிக்கொண்டவருக்குத்தான் தெரியும். உடன் பயில்வோர் தரும் கால்பங்கு என்று பவணந்தியார் எதைச் சொன்னார் என்பது அன்று எங்களுக்கு விளங்கியது.

அவரைத்தான் நாங்கள் காட்டிக்கொடுத்தோம். வேறு சொல் கிடைக்கவில்லை. முதல் பருவத்தில் நான்கு அரியர் விழுந்ததையும், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்பதையும் எங்களை நம்பிச் சொன்னார். மாதந்தோறும் நிரப்பித் தர வேண்டிய படிவத்தில் 'மாணவரின் தனிப்பட்ட பிரச்சினைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டம் இருந்தால் கை எழுதிவிடும். நான்கு நாளில் துறையிலிருந்து அவருடைய தந்தைக்குத் தொலைபேசி போயிற்று. வேலையை விட்டுவிட்டு வந்த அந்த மனிதர் வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றார். அதன்பிறகு அந்த மாணவர் எங்களிடம் பேசவில்லை. அடுத்த பருவத்துக்கு அவர் வரவும் இல்லை. எங்களில் எவருடைய பேனா எழுதியது என்பதில் அர்த்தமில்லை. அத்தனை பேரும் அதே படிவத்தை நிரப்பிக்கொண்டுதான் இருந்தோம். ஆண்டிறுதியில் எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது.

உயிருக்கு ஆபத்து என்றாலும் மறைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. அங்கே மௌனம் குற்றம். ஆனால் அப்போதும் செய்ய வேண்டியது, "இதை நான் மட்டும் வைத்திருக்க முடியாது, வா, சேர்ந்து போவோம்" என்று அவரிடமே சொல்லி, கூட நடந்து, பயிற்சி பெற்ற ஒருவர் முன் கொண்டுபோய் உட்கார வைப்பது. அப்படி ஒருவர் கல்லூரியில் இருக்க வேண்டுமே! பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அரைநாள் பயிலரங்கு நடத்திவிட்டு இன்னொரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் உயிரை அதன் தோளில் ஏற்றுவதற்குப் பெயர் வழிகாட்டல் அன்று.

திட்டமெல்லாம் எதற்கு, அந்தக் காலத்தில் விடுதி அண்ணன்கள் தாமாகவே பார்த்துக்கொள்ளவில்லையா என்று மூத்த நண்பர்கள் உருகுகிறார்கள். பார்த்துக்கொண்டார்கள்தான், ஊர்க்காரனை, சாதிக்காரனை. ஜெராக்ஸ் நோட்டும் பழைய வினாத்தாளும் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போயின என்று நினைத்துப் பார்த்தால் உருக்கம் அடங்கிவிடும். தனக்கென்று ஓர் அண்ணன் இல்லாதவர் தனியேதான் கிடந்தார். இந்த விஷயத்தில் அலுவலகம் ஒட்டும் பட்டியலை நாங்கள் ஆதரிக்கிறோம். அகரவரிசையில் ஆறு ஆறாகப் பிரிக்கும் பட்டியல் யாருடைய ஊரையும் கேட்பதில்லை. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. அந்த வழியில் வருகிறவர்களில் பலருக்குக் கல்லூரியில் முன்பின் தெரிந்த முகம் ஒன்றுகூட இராது.

பட்டியல் இருக்கட்டும். படிவம் வேண்டாம். சந்தித்தோமா இல்லையா என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கேட்காதீர்கள். இந்த ஆண்டு பெயர் கொடுக்கப்போகும் தம்பி தங்கைகள், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நாங்கள் எழுதித் தருவதை யார் யார் படிப்பார்கள்? பதில் வரவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். தொகையிடலை விளக்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, மொட்டைமாடி திறந்தேதான் இருக்கிறது.