அம்மாவின் பற்களும் ஆலயக் காணிக்கையும்



பங்கொன்றிலே எழுபத்தைந்து வயதைக் கடந்த தாய் ஒருவர் இருக்கிறார். ஒக்ரோபர் மாதம் வந்தால், வட்டாரத்துச் செபமாலையில் முதற்குரலாக ஒலிப்பது அவருடைய குரலாகவே இருந்தது. இப்பொழுது அவர் ஆலயத்தின் கடைசி வாங்கில் அமர்ந்து, சேலைத் தலைப்பினால் வாயை மறைத்தபடி மௌனமாகச் செபிக்கிறார். பக்தி குறையவில்லை, பற்கள் போய்விட்டன. "சொல்லுகள் சரியா வருகுதில்லை. சின்னப் பிள்ளையள் சிரிக்குதுகள்" என்றார். பல் கட்டலாமே என்று கேட்டபோது, "எனக்கு இனி என்னத்துக்குப் பல்லு? அந்தக் காசிலை பேரப்பிள்ளைக்கு ஏதும் வாங்கலாம்" என்று சிரித்துச் சமாளித்தார். அந்த ஆண்டுத் திருநாள் உபயகாரர் பட்டியலில் அவருடைய மகனின் பெயரும் இருந்தது.

அம்மகன் தீயவர் அல்லர். தாயின் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் குறை வைக்காதவர். பல் என்பது மருந்தைப் போல அவசியமானதன்று, வயது போனவருக்கு அது ஓர் ஆடம்பரம் என்று அவர் எண்ணிவிட்டார். நம்மில் பெரும்பாலானோர் எண்ணுவதும் அவ்வாறே. இந்த எண்ணம் தவறானது.

பல்லில்லாத வாய்க்கு முதலில் மறுக்கப்படுவது நல்ல உணவு. பனங்கிழங்கும் கச்சானும் முறுக்கும் போகட்டும். கீரைத் தண்டும் பயற்றங்காயும் இறைச்சியும் பழமும் மெல்ல மெல்ல விலகிப் போகின்றன. எஞ்சுவது கஞ்சியும், தேநீரில் தோய்த்த பாணும். சீனி வருத்தமுள்ள முதியவருக்கு அதுவே நோயைக் கூட்டும் உணவாகிவிடுகிறது. அடுத்து மறுக்கப்படுவது பேச்சு. பின்னர் சிரிப்பு, விருந்து, கலியாண வீடு, அன்பியக் கூட்டம் என்று ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. ஈற்றில் ஒரு மனிதர் வீட்டின் மூலையில் தனித்துவிடப்படுகிறார். இதனை ஆடம்பரம் என்று எவ்வாறு கூறுவது?

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தை இந்த வாரம் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளை 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை என்று சொல்லிவிட்டு, பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் இயேசு அங்கே வன்மையாகக் கண்டிக்கிறார். காணிக்கையை அவர் வெறுக்கவில்லை. நான்காம் கட்டளையின் மேல் ஏறி நின்று செலுத்தப்படும் காணிக்கையையே வெறுத்தார். திருநாள் சோடனைக்குக் கொடுப்பது நல்லதே. ஆனால் தாயின் வாய் வெறுமையாயிருக்கையில், நம் பெயர் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுவது கடவுளுக்கு உகந்த காணிக்கையாகுமா?

செலவு உண்மையான சுமைதான் என்பதையும் மறுப்பதற்கில்லை. அரச வைத்தியசாலையில் பல்லைப் பிடுங்கக் கட்டணமில்லை. ஆனால் கட்டுப்பல் செய்துகொடுக்கும் வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. தனியாரிடம் சென்றால், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதிப் பொருட்களின் விலை எவ்வளவு உயர்ந்தது என்பதை யாவரும் அறிவோம். பிள்ளைகளின் படிப்பும் கடன் தவணையும் கழுத்தை நெரிக்கும் குடும்பங்கள் பல. ஆகவே ஒரே நாளில் முழுத் தொகையையும் புரட்டச் சொல்லவில்லை. அதற்கு நேரமும் உண்டு. பற்களைப் பிடுங்கிய பின் ஈறு ஆறி நிலைகொள்ள வழக்கமாகச் சில மாதங்கள் செல்லும். அந்த மாதங்களில் சகோதரர்கள் கூடிப் பங்கிட்டுச் சேமிக்கலாம். வெளிநாட்டிலிருப்பவர் கூடுதலாகக் கொடுக்கட்டும். ஊரிலிருப்பவர் கூட்டிச் செல்லட்டும்.

கூட்டிச் செல்வது பணத்திலும் பெரிய உதவி. வாயை அச்செடுக்க ஒரு நாள், கடி பார்க்க ஒரு நாள், பொருத்திப் பார்க்க ஒரு நாள், உறுத்தும் இடத்தை உராய்ந்து சரிசெய்ய வேறொரு நாள் என்று பல தடவைகள் போகவேண்டும். துணையில்லாத முதியவர் இடையிலே நிறுத்திவிடுகிறார். செய்த பல்லும் பேணியிலே கிடக்கிறது. மலிவு என்று நம்பிப் பதிவில்லாதவரிடம் போகாமல், இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியரிடமே செல்லுங்கள். ஈறு காலப்போக்கில் சுருங்குவதால் சில ஆண்டுகளில் பல் தளரும் என்பதையும், அப்போதும் ஒரு செலவு வரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இன்னுமொன்று. "அம்மா வேண்டாம் என்கிறா" என்பதை விடையாக ஏற்காதீர்கள். தமக்கென எதையும் கேட்டறியாத தலைமுறை அது. போர்க் காலத்திலும் இடம்பெயர்விலும் தம் வாய்க்குப் போகவேண்டியதைப் பிள்ளைகளின் வாய்க்குக் கொடுத்தவர்கள். பணத்தைக் கையில் கொடுத்தால் அது பேரப்பிள்ளையின் கைக்குப் போய்விடும். கையில் பணம் கொடுக்காமல், கையைப் பிடித்துக் கூட்டிச் செல்லுங்கள்.

பிள்ளைகள் தம்மைப் பராமரிக்காதுவிட்டால் முதியோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. எந்தத் தாயும் அங்கே போக விரும்பமாட்டாள். சட்டம் சொல்லுமுன்னரே செய்வதுதான் அன்பு. பிள்ளைகளே இல்லாதவர்களுக்கோ பங்குதான் பிள்ளை. வின்சென்ட் டி போல் சபையினர் உலர் உணவுப் பொதியோடு நின்றுவிடாமல், அதை மெல்லுவதற்குப் பல் உண்டா என்றும் ஒருமுறை பார்ப்பார்களாக.

பல் நோயாளரின் பாதுகாவலியாகிய புனித அப்பொலோனியா 249ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் மறைசாட்சியாக மரித்தவர். அவரும் வயது முதிர்ந்த கன்னிகையே. விசுவாசத்தை மறுதலிக்க மறுத்ததற்காக அவருடைய பற்களை அடித்து நொறுக்கினார்கள். அதைச் செய்தவர்கள் பகைவர்கள். நம் வீட்டு முதியவரின் வாய் வெறுமையாகக் கிடப்பதற்கு அவரை நேசிப்பவர்களின் கவனமின்மை காரணமாகிவிடக் கூடாது.

பெப்ரவரி 9ஆம் திகதி அப்புனிதையின் நினைவுநாள். அடுத்த முறை அந்நாள் வருவதற்குள், செபமாலையின் முதற்குரல் மீண்டும் கேட்கட்டும். கடவுளுக்கு உகந்த காணிக்கைகளில் அதுவும் ஒன்று.