கொல்லங்குடியின் பாட்டு

நமது சங்கீத உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வித்வானின் பெயருக்கு முன்னால் ஊரின் பெயரைப் போட்டுவிட வேண்டும். நாளடைவில் வித்வானின் பெயர் உதிர்ந்துபோய் ஊர்ப் பெயர் மட்டும் நின்றுவிடும். "நேற்று அரியக்குடி வெகு ஜோர்!" என்று ரஸிகர்கள் பேசிக்கொண்டு போன நாட்களில், காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சிற்றூர் எழுந்து வந்து மேடையில் உட்கார்ந்து பாடிற்று என்று யாரும் நினைத்ததில்லை. ராமானுஜ அய்யங்கார் (1890–1967) பாடினார் என்றுதான் அர்த்தம். ஊருக்கும் பெருமை, பாடினவருக்கும் பெருமை.

இந்த மரியாதை சபா மேடைக்காரர்களுக்கு ஏகபோகமாகவே இருந்து வந்திருக்கிறது. களத்து மேட்டிலும் கண்மாய்க் கரையிலும் பாடுகிறவர்களுக்கு ஊர்ப் பெயர் இருக்கட்டும், சொந்தப் பெயரே பெரும்பாலும் கிடைப்பதில்லை. "யாரோ ஒரு கிழவி பாடினாள்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். இந்த விதிக்கு விலக்காக ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் சேர்த்தே நாடறியச் செய்துவிட்டுப் போன ஒரு மூதாட்டியைப் பற்றி இன்று எழுதுகிறோம். கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் 2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தமது 99-வது வயதில் காலமானார்.

கொல்லங்குடி இன்று சிவகங்கை ஜில்லாவில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளின் ஆயுளில் பெரும்பகுதி வரை அது ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1910-ல் ஏற்பட்ட அந்தப் பழைய ஜில்லாவில் ராமேசுவரத் தீவும் அடக்கம், காரைக்குடியும் அடக்கம், சிவகாசியும் அடக்கம். 1985-ல் அதை மூன்று துண்டாக்கினார்கள். கருப்பாயி அம்மாள் ராமநாதபுரம் ஜில்லாவை விட்டு வெளியேறியதும் சினிமா உலகத்திற்குள் நுழைந்ததும் ஒரே வருஷத்தில்தான். இரண்டு பிரயாணங்களில் முன்னதற்கு அவர் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை!

கொல்லங்குடியை அடுத்த அரியாக்குறிச்சியில் வெட்டுடையார் காளியம்மன் கோயில் இருக்கிறது. 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்து தப்பிச் சென்ற வேலு நாச்சியார் போன வழியைக் காட்டிக் கொடுக்க மறுத்து, உடையாள் என்னும் பெண் வெட்டுண்டு மாண்டாள் என்பது அந்தப் பக்கத்தில் வழங்கும் கதை. மழை குறைந்த சீமை. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் பனையும் கருவேலமும்தான் மிச்சம். இப்படிப்பட்ட மண்ணில் சொல்லுக்கு மட்டும் பஞ்சம் வந்ததே கிடையாது. பிள்ளை பிறந்தால் தாலாட்டு, நாற்று நட்டால் நடவுப் பாட்டு, பொங்கல் வைத்தால் கும்மி, சாவு விழுந்தால் ஒப்பாரி என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் வாழ்நாள் முழுவதும் பாட்டு வேலை இருந்துகொண்டேயிருக்கும்.

அந்த வேலையில் தேறியவர் கருப்பாயி அம்மாள். தாமே பாட்டுக்களைக் கட்டிப் பாடினார். அகில இந்திய வானொலி அவருடைய குரலைக் கிராமங்களுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு ஸ்ரீ பாண்டியராஜன் 1985-ல் எடுத்த "ஆண் பாவம்" படத்தில் பாட்டி வேஷம் கொடுத்துப் பாடவும் வைத்தார். அந்தப் படத்துக்குச் சங்கீதம் அமைத்தவர் ஸ்ரீ இளையராஜா. பெரிய இசைக் கோஷ்டி முழங்கும் இடத்தில், பக்க வாத்தியம் எதையும் எதிர்பாராத ஒரு கிழவியின் தொண்டை தனித்து நின்றது. சினிமாக் கொட்டகையில் இருந்தவர்கள் தங்கள் சொந்தப் பாட்டியே திரையில் வந்துவிட்டது போல் சிரித்தார்கள். தொடர்ந்து சில படங்களில் நடித்தார். அவற்றில் ஒன்று 1987-ல் வந்த "ஆயுசு நூறு". அந்தப் பெயரை மெய்யாக்குவதற்கு அவருக்கு ஒரே ஒரு வயதுதான் குறைந்தது. 1993-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் கலைமாமணி விருது அளித்தது.

விருதும் புகழும் வேறு, அடுப்பெரிவது வேறு. பிற்காலத்தில் அந்த அம்மாள் வறுமையில் இருக்கிறார் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. சினிமா உலகத்தினர் உதவியும் செய்தார்கள். உதவியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டைக் கட்டியவருக்குப் பாட்டின் பேரில் வரவேண்டியது ஒன்று உண்டல்லவா? அது உதவியாக வராமல் உரிமையாக வருவதற்கு என்ன தடை? இந்தக் கேள்விதான் நம்மை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது.

"கிராமத்துப் பாட்டை யாரும் கட்டுவதில்லை, அது தானாக உண்டாகிறது" என்று படித்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. காட்டுச் செடிபோல் முளைத்துவிடுகிறதாம்! நாம் அறிந்தவரையில் சும்மா கிடந்த சொற்கள் தாமாக எழுந்து எதுகை மோனை பார்த்து வரிசையில் நின்றதில்லை. மெட்டு பொதுச் சொத்துத்தான், சந்தேகமில்லை. தெம்மாங்குக்கும் கும்மிக்கும் அடியின் அளவு முன்பே வகுத்திருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் சில தொடர்களும் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்த அளவுக்குள் என்ன சொல்வது, எதை முதலில் வைத்து எதைப் பின்னால் வைப்பது என்பதெல்லாம் பாடுகிறவளின் புத்தியைச் சேர்ந்தவை.

ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். செத்தவர் யார், எந்த ஊரில் பெண் எடுத்தார், எந்த வழக்கில் எந்த நிலத்தை இழந்தார், கடைசி நாளில் எந்தப் பிள்ளை வந்து பார்க்கவில்லை என்ற விவரமெல்லாம் அந்த வீட்டு வாசலில், அந்த நிமிஷத்தில், சந்தத்துக்குள் வந்து விழவேண்டும். சபையில் மனோதர்மம் என்று நாம் எதைக் கொண்டாடுகிறோமோ அதற்கு இது எந்த விதத்தில் குறைவு? ராகம் பாடுகிற வித்வான் ஸ்வரத்தை மட்டும் தேடினால் போதும். ஒப்பாரி வைக்கிறவளோ சொல்லையும் தேடவேண்டும், கண்ணீரையும் துடைத்துக்கொள்ள வேண்டும்.

ராமநாதபுரம் கடற்கரையிலும் இந்தக் கதைதான். கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டமாகப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். ஒருவர் முன்பாட்டுச் சொல்வார். மற்றவர்கள் பின்பாட்டுக் கொடுத்துக்கொண்டே ஓர் அடி பின்னால் எடுத்து வைப்பார்கள். இதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். பின்பாட்டு மாறாது, முன்பாட்டு மாறிக்கொண்டே போகும். கனத்த வலையானால் பாட்டும் கனத்து மெதுவாகும். வலை கரையை நெருங்க நெருங்கப் பாட்டிலும் அவசரம் வந்துவிடும். முன்பாட்டுக்காரர் அப்போது புதிதாகக் கட்டிய வரி நன்றாயிருந்தால் மறுநாள் வேறொருவர் எடுத்துக்கொள்வார். ஒரு மாதத்தில் அது "பழைய பாட்டு" ஆகிவிடும். வரி பிழைத்துக்கொண்டது, கட்டியவர் பெயர் அலையோடு போய்விட்டது. எஞ்சின் படகுகளும் விசைப்படகு வலைகளும் வந்த பிறகு, கையால் இழுக்கும் கூட்டமும் குறைந்துவிட்டது.

நிற்க. இதே ராமநாதபுரத்தில் இன்னொரு பாட்டுக்காரர் இருந்தார். பூச்சி ஸ்ரீநிவாஸய்யங்கார் (1860–1919) என்றால் சங்கீதம் தெரிந்த குடும்பங்களில் எல்லோருக்கும் தெரியும். பட்டணம் சுப்பிரமணிய அய்யரின் சீடர்; அரியக்குடியின் குரு. மோகன ராகத்தில் அவர் செய்த "நின்னுகோரி" வர்ணத்தைப் பாடம் பண்ணாமல் ஒரு குழந்தையும் சங்கீத வாத்தியாரிடமிருந்து தப்ப முடியாது. தியாகராஜ ஸ்வாமிகளைப் போற்றி ரீதிகௌளையில் "ஸத்குரு ஸ்வாமிகி" செய்தவரும் அவரே. பாண்டித்துரைத் தேவர் போன்ற பிரபுக்களின் ஆதரவு அவருக்கு இருந்தது.

அவருக்கு வேறொரு பாதுகாப்பும் இருந்தது. அதுதான் முத்திரை. தமது கீர்த்தனங்களில் "ஸ்ரீநிவாஸ" என்ற பெயரை அவர் பொருந்தவிட்டு வைத்துவிட்டார். எந்த ஊரில் எந்தச் சிஷ்யப் பிள்ளை பாடினாலும் கர்த்தாவின் பெயரைச் சொல்லாமல் பாட்டை முடிக்க முடியாது. சமஸ்தானம் போனாலும், பிரபுக்கள் போனாலும், பெயர் பாட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது.

நாட்டுப் பாட்டில் முத்திரை வைக்கும் வழக்கம் மிகவும் அபூர்வம். தாலாட்டில் வருவது மாமன் பெயர்; கும்மியில் வருவது சாமியின் பெயர்; ஒப்பாரியில் வருவது செத்தவர் பெயர். பாடுகிறவள் தன் பெயரை வைக்க இடம் ஏது? ஆகவே கருப்பாயி அம்மாள் விஷயத்தில் தலைகீழான ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது. பூச்சி அய்யங்காரின் பாட்டுக்களைப் பாடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர் முகம் யாருக்கும் ஞாபகமில்லை. கொல்லங்குடிப் பாட்டியின் முகத்தை லட்சம் பேர் அறிவார்கள். அவர் கட்டிய பாட்டுக்கள் எத்தனை, எவை எவை என்று கேட்டால் விழிப்பார்கள்.

நாட்டுப் பாட்டுக்களைத் திரட்டிய பெரியோர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பெர்ஸி மாக்வீன் என்னும் ஆங்கிலேய உத்தியோகஸ்தர் திரட்டி வைத்தவற்றை ஸ்ரீ கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 1958-ல் "மலையருவி" என்ற பெயரில் தஞ்சை சரஸ்வதி மகால் வெளியிட்டது. பேராசிரியர் நா. வானமாமலையின் "தமிழர் நாட்டுப் பாடல்கள்" 1964-ல் வந்தது. அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் பாட்டுக்களின் அடியில் சேகரித்தவர் இன்னார், இடம் இன்னது என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். கடுதாசியும் பென்சிலும் வைத்திருந்தவருக்குப் பெயர் உண்டு. பாட்டை வைத்திருந்தவருக்கு ஊர் மட்டும் உண்டு. அக்காலத்து அறிஞர்களின் எண்ணம் இந்தப் பாட்டுக்கள் மக்கள் அனைவருக்கும் சொந்தம் என்பது. நல்ல எண்ணந்தான். ஆனால் எல்லோருக்கும் சொந்தம் என்று எழுதி வைத்த சொத்தை முதலில் எடுத்துக்கொள்கிறவர்கள் யார் என்பதைப் பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு வேறு விதமான சரித்திரம் இருக்கிறது. அங்கே தென் மாகாணத்து மலைக் குடியானவர்களின் பாட்டுக்கு "கண்ட்ரி மியூஸிக்", அதாவது நாட்டுப்புறச் சங்கீதம் என்றே பெயர். 1927-ல் ரால்ப் பீர் என்பவர் பிரிஸ்டல் என்ற ஊரில் பிளேட் எடுக்கும் யந்திரத்தை வைத்துக்கொண்டு கிராமத்துப் பாடகர்களை வரவழைத்தார். வந்தவர்களில் கார்ட்டர் குடும்பம் ஒன்று. அதன் தலைவர் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் அலைந்து பழைய பாட்டுக்களைத் திரட்டி, பலவற்றைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். அவரோடு கூடவே அலைந்து மெட்டுக்களை மனத்தில் பதித்துக்கொண்டு வந்து கொடுத்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பு இனத்தவர். பிளேட்டில் ரிடிலின் பெயர் கிடையாது. அநியாயம் எந்தத் தேசத்துக்கும் ஏகபோகம் அல்ல.

அதே மலைச்சீமையில் 1946-ல், பன்னிரண்டு குழந்தைகள் பிறந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் டாலி பார்ட்டன் பிறந்தார். 1974-ல் அவர் தாமே எழுதிப் பாடிய ஒரு பாட்டு பிரசித்தியடைந்தது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். ஆனால் பிரெஸ்லியின் காரியஸ்தர் வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார். டாலி மறுத்துவிட்டார். அவ்வளவு பெரிய பாடகர் பாடும் பாக்கியத்தை இழந்தாளே என்று அன்று பலர் கைகொட்டிச் சிரித்திருக்கக்கூடும். 1992-ல் விட்னி ஹூஸ்டன் ஒரு சினிமாவுக்காக அதே பாட்டைப் பாடினார், உலகமெல்லாம் ஒலித்தது. பணம் டாலியின் வீடு தேடி வந்தது.

டாலி அம்மாளுக்குத் திறமையோடு ஒரு காகிதமும் இருந்தது. நம் கருப்பாயி அம்மாளிடம் திறமை மட்டும் இருந்தது. நமது தேசத்திலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1957-ம் வருஷத்துச் சட்டமும், சினிமாப் பாட்டை எழுதினவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டி உரிமையை உறுதி செய்த 2012-ம் வருஷத்துத் திருத்தமும் இருக்கின்றன. ஆசிரியர் காலமான பிறகும் அறுபது வருஷம் உரிமை நிற்கும். கருப்பாயி அம்மாள் தாமே கட்டியவை என்று காட்டக்கூடிய பாட்டுக்கள் இருந்தால், அந்த உரிமை 2085 வரையில் செல்லும். ஆனால் "நாட்டுப்புறப் பாட்டு" என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் போதும், ஆசிரியர் இல்லாத பாட்டாகிவிடுகிறது. அப்புறம் யார் வேண்டுமானாலும் நாலு வாத்தியத்தைச் சேர்த்து விற்கலாம்.

இதற்குச் சர்க்கார் என்ன செய்யும் என்று காத்திருப்பதற்கு முன் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ராமநாதபுரம், பரமக்குடி, திருவாடானை, காளையார்கோவில் பக்கங்களில் பாடத் தெரிந்த பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். நமது நேயர்களின் வீடுகளிலேயே இருக்கக்கூடும். கைத் தொலைபேசியில் பாட்டைப் பதிவு செய்கிற பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டு முடிந்ததும் யந்திரத்தை நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு நிமிஷம் ஓடவிட வேண்டும். "இது யார் கட்டின பாட்டு, அப்பத்தா? நீங்கள் கேட்டுப் படித்ததா, நீங்களே சேர்த்ததா? எந்த வரி உங்களுடையது?" என்று கேட்கவேண்டும். அப்பத்தா முதலில் சிரிப்பாள். "போடா, இதையெல்லாம் யாரு கேட்டா?" என்பாள். இரண்டாம் தடவை கேட்டால் சொல்லிவிடுவாள். அந்தப் பதிலையும் பாட்டோடு சேர்த்து, பெயரும் ஊரும் தேதியும் போட்டு எழுதி வைக்கவேண்டும்.