சோற்றில் மறைத்த பூசணிக்காய்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

இது கணிப்பொறி யுகம். பேரணாம்பட்டு முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை ஷூ கம்பெனி வாசலைக் கடக்கும் பெண்ணின் வருகையும், அவள் சொல்லும் குறையும் இன்று ஏதோ ஒரு கணிப்பொறியின் பதிவேட்டில் ஏறிவிடக்கூடும். அந்தப் பதிவேட்டை யார் யாரோ புரட்டலாம். அப்போது அவள் பெயருக்குக் காவல் யார்?

'ஹாஷ்' இருக்கிறதே என்பார்கள் கணிப்பொறி கற்றோர். 1953ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் தகவல்களை விரைந்து தேடுவதற்கு முன்வைத்த கருத்து இது. இன்று வழங்கும் எஸ்.ஹெச்.ஏ.-256 என்னும் முறையில் எதைக் கொடுத்தாலும் 64 குறிகள் கொண்ட ஒரு கோவையாக மாற்றித் தரும். அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை. விடையிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்ப வழியில்லை. பதிவேட்டை வினவும்போது பெயர் இருக்கும் புலத்தின் மீது இதைப் போட்டுவிட்டால், பத்துப் புகாரும் பத்துப் பெண்கள் தந்தவையா, ஒருத்தியே பத்து முறை கதறியதா என்பது பெயர் தெரியாமலே விளங்கும். பெயரை அடியோடு நீக்கிவிட்டால் இந்த நன்மை கிட்டாது.

ஆனால் நண்பர்களே, இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது! திரும்ப வழியில்லை என்றால், கண்டுபிடிக்கவே முடியாது என்று பொருளாகிவிடுமா? ஒரு கம்பெனியின் டோக்கன் எண் நான்கு இலக்கம் என்று கொள்வோம். மொத்தம் 10,000 எண்களே உண்டு. அத்தனைக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிடக் கணிப்பொறிக்கு ஒரு நொடிகூட வேண்டாம். 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்து இலக்கக் கைப்பேசி எண்கள் 400 கோடி. கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணிப்பொறிக்கு அதுவும் சில நொடி வேலைதான். ஊழியர் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் மேலாளருக்கோ அவ்வளவு சிரமமும் இல்லை!

இது வெறும் கற்பனையன்று. 2014இல் நியூயார்க் நகர டாக்சிப் பயண விவரங்கள் வண்டி எண்களை எம்.டி.5 என்னும் ஹாஷால் மூடி வெளியிடப்பட்டன. வண்டி எண்களின் அமைப்பு சிறியது. ஆகவே சில மணி நேரத்தில் அத்தனையும் அவிழ்ந்துவிட்டன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். என்னோடு பள்ளியில் படித்த தோழியர் பலர் இன்று ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கிறார்கள். பணியிடத்தில் பாலியல் தொல்லை பற்றிப் புகார் தரும் பெண்ணின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் தந்த காப்பை அரைகுறைக் கணிப்பொறி அறிவு பறித்துவிடலாமா? பெயர் கசிந்தால் போவது அவள் வேலை மட்டுமா? வீட்டில் எரியும் அடுப்பும் அல்லவா?

இதற்கு மருந்து உண்டு. இரகசியச் சாவி ஒன்றைச் சேர்த்து ஹாஷ் செய்யும் 'ஹெச்மேக்' முறையை 1996இலேயே பெல்லாரே, கனெட்டி, கிராச்சிக் ஆகிய மூவர் வகுத்துத் தந்துவிட்டனர். சாவியில்லாதவர் எத்தனை கோடி எண்களைப் போட்டுப் பார்த்தாலும் பயனில்லை. அந்தச் சாவி கம்பெனியின் கணிப்பொறிப் பிரிவிடம் இருக்கலாகாது. புகாரை விசாரிக்கும் குழுவிடமே இருக்க வேண்டும். அதோடு மற்றப் புலங்களையும் கவனிக்க வேண்டும். 'இரவு ஷிப்ட், இன்ன பிரிவு, இத்தனை மணி' என்று எழுதியிருந்தால், அங்கே ஒரே பெண்தான் இருந்தாள் என்னும்போது பெயர் எதற்கு? மணியை வாரமாகவும், பிரிவைக் கம்பெனி அளவிலும் சுருக்கிக் காட்டுவதே முறை.

நாளை இப்பதிவேடுகளை எழுதப்போகிறவர்கள் நாம்தாம். புலத்தின் மீது ஹாஷ் போட்டாயிற்று என்று கை கழுவாமல், 'பட்டியல் வைத்திருப்பவன் இதை அவிழ்க்க முடியுமா?' என்று ஒரு கேள்வி கேட்போம். அந்த ஒரு கேள்வி, பெயர் தெரியாத ஒரு சகோதரியைக் காக்கும்.