ஆயிரம் பேருக்கு ஒரு விமானமா?

"அங்கே இருப்பவர்களே ஆயிரம் பேர்தான். அவர்களுக்காக இவ்வளவு செலவா?" சரவாக்கின் மேட்டுநிலக் கிராமங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மில் படித்தவர்களே கேட்கும் கேள்வி இது. வரிப்பணம் பலருக்கும் பயன்பட வேண்டும் என்பதை யார்தான் மறுப்பார்? ஆயினும், இந்தக் கேள்வியைத் தமிழ் மாணவர் ஒருவர் கேட்பதற்கு முன் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்வதற்கு முன் பாரியோ என்னும் ஊரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

வட சரவாக்கில், கலிமந்தான் எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்த சமவெளி பாரியோ. நாட்டின் மிகச் சிறிய இனங்களுள் ஒன்றான கெலாபிட் மக்களின் தாயகம் அது. மிரி நகரிலிருந்து அங்கே செல்ல, 19 பேர் அமரக்கூடிய ட்வின் ஆட்டர் விமானத்தில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். ஏறுவதற்கு முன் பைகளோடு பயணிகளையும் நிறுத்தி எடை பார்ப்பார்கள். அந்தச் சிறிய விமானத்துக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் அன்று விமானம் இல்லை. மறுநாளும் பனி என்றால் மறுநாளும் இல்லை.

தரை வழியும் உண்டு. வெட்டுமர நிறுவனங்கள் லாரிகளுக்காக அமைத்த மண்பாதை அது. நான்கு சக்கர இயக்க வண்டியில் ஒரு பகல் முழுவதும் குலுங்கிக்கொண்டே செல்ல வேண்டும். மழை பெய்துவிட்டால் எத்தனை நாள் ஆகும் என்பதை வானம்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாதை வந்ததால் சாமான்கள் வரத் தொடங்கின. அதே பாதை வழியாகக் காட்டு மரங்களும் வெளியேறின.

இந்தத் தொலைவு அன்றாட வாழ்க்கையை எப்படித் தொடுகிறது என்று பாருங்கள். சிமெண்டு, டீசல், சமையல் எரிவாயு என ஒவ்வொன்றின் விலையிலும் பயணக்கூலி ஏறிக்கொள்கிறது. ஊரில் மருந்தகம் உண்டு. ஆனால், அறுவை சிகிச்சை தேவைப்படும் நோயாளி மலையை விட்டு இறங்கியாக வேண்டும். சரவாக்கில் 1973 முதல் 'பறக்கும் மருத்துவர்' சேவை நடத்தப்பட்டதற்கு உட்புறக் கிராமங்களின் இந்த நிலைமையே காரணம். சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஆரம்பப் பள்ளிக்காகச் சிறு வயதிலேயே தங்கும் விடுதிக்குச் சென்றார்கள். மூன்றாம் படிவம் முடிந்ததும் மருடிக்கோ மிரிக்கோ போனார்கள். போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. இன்று கெலாபிட் மக்களில் பெரும்பாலோர் நகரங்களில்தான் வாழ்கிறார்கள். புகழ்பெற்ற பாரியோ அரிசிக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு போகம். அதற்கு நாற்று நடவும் அறுவடை செய்யவும் ஆள் போதாமல், எல்லைக்கு அப்பாலிருந்து கூலிக்கு ஆட்கள் வருவது வழக்கமாகிவிட்டது.

"அப்படியென்றால் அவர்களைக் கீழே குடியேற்றிவிடலாமே!" என்பது அடுத்த வாதம். குடியேற்றம் அவர்களுக்குப் புதிதன்று. 1963-இல் தொடங்கிய இந்தோனேசிய எதிர்ப்புப் போராட்டத்தின்போது, எல்லையோரக் கெலாபிட் கிராமங்கள் பாதுகாப்புக் கருதிப் பாரியோவுக்கு நகர்த்தப்பட்டன. மீண்டும் ஒரு முறை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை வேறு யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம், நம் பாட்டி தாத்தாக்களிடமே கேட்கலாம். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறியபோது லயங்களைக் காலி செய்தவர்கள் நம்மவர்கள். அவர்களில் பலர் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பிறகு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்தில் வசதி குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால், கோயிலும் உறவும் பக்கத்து வீட்டுத் துணையும் புதிய இடத்துக்குத் தாமாகக் கூட வந்துவிடவில்லை.

அப்படியானால் ஒதுங்கிய ஊருக்கு என்னதான் செய்வது? பாரியோவிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 1990-களின் இறுதியில் அங்கே ஒரு சிறிய நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. போதிய நீரோட்டம் இல்லாததால் அது பயன்படாமல் போனது. ஏறத்தாழ அதே காலத்தில் மலேசிய சரவாக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'இ-பாரியோ' திட்டத்தைத் தொடங்கினார்கள். கணினிகளைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன் அவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். உங்களுக்குத் தேவையான செய்தி எது? இப்போது அதை எப்படிப் பெறுகிறீர்கள்? யாரோடு பேச விரும்புகிறீர்கள்? நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளோடு பேச வேண்டும் என்பது பெற்றோரின் ஏக்கமாக இருந்தது. துணைக்கோளம் வழியே தொலைபேசியும் இணையமும் வந்தன. விடுதி நடத்துவோர் மின்னஞ்சலில் சுற்றுப்பயணிகளை வரவேற்கத் தொடங்கினார்கள். கெலாபிட் இனத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் போலின் பாலா இத்திட்டத்தில் முக்கியப் பங்காற்றினார். 2001-இல் உலகின் ஏழு சிறந்த அறிவார்ந்த சமூகங்களுள் ஒன்றாக பாரியோ தேர்வு பெற்றது. ஒன்று நிலைக்கவில்லை, மற்றொன்று வேர் பிடித்தது. ஊர் மக்களைக் கேட்டுச் செய்ததே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஊரில் பிறந்த இட்ரிஸ் ஜாலா 2005-இல் மலேசிய ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார், 2009-இல் அமைச்சரானார். ஆனால், இப்படிப்பட்ட ஒருவரைத் தந்ததால்தான் பாரியோவுக்கு விமானம் போக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. யாரும் பெரிய ஆளாக வராத ஊருக்கும் காய்ச்சல் வரும், பிரசவம் வரும், தேர்வு வரும்.

இனி, தமிழ் மாணவர் யோசிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு விதி வைத்திருந்தது. தோட்டத்தில் ஓர் இனத்தைச் சேர்ந்த, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் அங்கே ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்பதே அது. அந்தப் பள்ளிகளின் தரம் எப்படி இருந்தது என்பது வேறு கதை. ஆனால், 10 பிள்ளைகள் என்பது ஒரு பள்ளிக்குப் போதுமான எண்ணிக்கை என்று சட்டம் ஏற்றது. அந்த அடித்தளத்திலிருந்துதான் இன்றைய தமிழ்ப்பள்ளிகளில் பல வளர்ந்தன. இன்று 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் 'குறைந்த மாணவர் பள்ளிகள்' எனப்படுகின்றன. நாட்டிலுள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை இந்தப் பட்டியலில் இருக்கின்றன. "முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா?" என்று எவரேனும் கேட்டால் நாம் கொதித்தெழுகிறோம். எழுவதில் நியாயமும் இருக்கிறது. அதே நாவால் "ஆயிரம் பேருக்கு ஒரு விமானமா?" என்று எப்படிக் கேட்க முடியும்?

எண்ணிக்கை சிறிதென்றால் உரிமையும் சிறிது என்ற அளவுகோலை நாம் ஏற்றுக்கொண்டால், அது பாரியோவை அளந்த பிறகு நம் வாசலுக்கும் வரும். அடுத்தவரின் சிறிய எண்ணிக்கைக்காகப் பேசாதவர், தம்முடைய சிறிய எண்ணிக்கைக்காகப் பேசும்போது அந்தக் குரலில் வலு இருக்காது.

உட்புறச் சரவாக்கின் சிறு விமானச் சேவை மானியத்தின் துணையோடுதான் நடந்து வந்திருக்கிறது. அதை நடத்தி வந்த மாஸ்விங்ஸ் நிறுவனத்தை வாங்குவதற்கு 2025 பிப்ரவரியில் சரவாக் அரசு ஒப்பந்தம் செய்தது. நிர்வாகம் எவர் கைக்கு மாறினாலும் இலாப நட்டக் கணக்கு மட்டும் அச்சேவையின் தலைவிதியைத் தீர்மானிக்கக் கூடாது.

நண்பர்களே, நம் கழகங்கள் ஆண்டுதோறும் சமூகப்பணிக்குப் புறப்படுகின்றன. பழைய துணிகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அடுத்த முறை எந்த மலைக்கிராமத்துக்குப் போனாலும், முதல் நாளை அவர்களிடம் கேட்பதற்காக ஒதுக்கி வையுங்கள். அவர்கள் விமானம் கேட்கலாம், ஆசிரியரைக் கேட்கலாம், எதுவும் வேண்டாம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும், "நீங்கள் எத்தனை பேர்?" என்று மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்.