மலையேறும் பிரீமியம், அடிவாரத்திலேயே நிற்கும் பாதுகாப்பு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சேர்வராயன் மலைக்கு அந்தப் பாதையில் எல்லோரும்தான் ஏறுகிறார்கள். கோடை விழா பார்க்க வரும் சீமான் பெரிய காரில் ஏறுகிறார். மில் தொழிலாளி பழைய மொபெட்டில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஏறுகிறார். காபித் தோட்டத்துக் கூலிப் பெண்களோ, பஸ் வராத வேளையில் மூட்டையோடு மூட்டையாய் சரக்கு வேனில் நின்றுகொண்டு போகிறார்கள். பாதை ஒன்றுதான். பள்ளமும் ஒன்றுதான். வண்டி கவிழ்ந்தால் கிடைக்கும் நியாயம் மட்டும் ஒன்றல்ல!

"மோட்டார் இன்ஷூரன்ஸா? அது கார்க்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று தோழர்கள் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் தவறு. தன் வண்டி நொறுங்கினால் பணம் கிடைப்பதற்காகச் சொந்தக்காரர் செய்துகொள்வது ஒருவகை இன்ஷூரன்ஸ். அது அவர் இஷ்டம். அந்த வண்டியில் அடிபட்டுச் சாகிற பிறத்தியாருக்கு நஷ்ட ஈடு கிடைப்பதற்காகச் செய்ய வேண்டியது இன்னொரு வகை. இதற்கு 'மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ்' என்று பெயர். இது இஷ்டமல்ல, கட்டாயம். 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்டு, 1946 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. 1988-ம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. ரோட்டில் நடக்கிறவன், சைக்கிளில் போகிறவன், களத்துமேட்டுக்குச் சும்மாடு தூக்கிப் போகிறவள் ஆகியோருக்காக ஏற்பட்டது இந்த ஏற்பாடு. ஆகவே இது நம்முடைய சமாசாரமே.

இந்தப் பிரீமியத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு காலத்தில் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட தனியார் கம்பெனிகள் பொது இன்ஷூரன்ஸ் வியாபாரம் நடத்தின. 1971 மே மாதத்தில் சர்க்கார் அவற்றின் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகள் நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளாயின. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே கட்டண அட்டவணைதான். கட்டண ஆலோசனைக் குழு வகுத்த அட்டவணை அது.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1999-ல் சட்டம் வந்தது. 2000-லிருந்து தனியார் கம்பெனிகள் மறுபடி உள்ளே நுழைந்தன. 26 சதவீதமாயிருந்த அந்நிய மூலதன வரம்பு 2015-ல் 49 ஆயிற்று, 2021-ல் 74 ஆயிற்று. 2007 ஜனவரி 1 முதல் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்றார்கள். மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் சர்க்கார் தரப்பின் கையில் இருந்தது. அது எப்படி ஏறியது?

1000-லிருந்து 1500 சிசி வரையுள்ள நடுத்தரக் காருக்கு 2014-ல் 1,332 ரூபாய். 2022 ஜூன் 1-ம் தேதி அமலான அட்டவணையில் 3,416 ரூபாய். இரண்டரை மடங்குக்கு மேல்! 1500 சிசிக்கு மேற்பட்ட பெரிய காருக்கு 4,109 ரூபாயிலிருந்து 7,897 ரூபாய். இரண்டு மடங்குகூட ஆகவில்லை. சீமான் காருக்கு ஏற்றம் மெதுவாம், கடன் வாங்கிக் கார் ஓட்டிப் பிழைப்பவனுக்கு ஏற்றம் வேகமாம். இது என்ன கணக்கு?

நம் தொழிலாளிகள் வைத்திருக்கும் 75-லிருந்து 150 சிசி வண்டிக்கு 2015-ல் 538 ரூபாய், 2019-ல் 752 ரூபாய். 2022-ல் 714 ஆகக் குறைத்தார்கள். குறைத்தார்களே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் மறு கையைப் பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டி வாங்குகிறவர் ஐந்து வருஷத்துப் பிரீமியத்தை ஒரே மூச்சில் கட்டியாக வேண்டும். 2022 அட்டவணைப்படி அது 3,851 ரூபாய். வருஷா வருஷம் 714 கட்டினால் ஐந்து வருஷத்துக்கு 3,570 ரூபாய்தான். முன்கூட்டியே மொத்தமாகக் கொடுப்பவனுக்குத் தள்ளுபடி கொடுப்பது சந்தைக் கடைக்காரனுக்குக்கூடத் தெரிந்த தர்மம். இங்கேயோ 281 ரூபாய் அதிகம் பிடுங்குகிறார்கள்!

அதன் தலைமேல் வரி வேறு. 1994-ல் பொது இன்ஷூரன்ஸ் மீது 5 சதவீதம் சேவை வரி போட்டார்கள். 2017 ஜூலையில் அது ஜிஎஸ்டியாகி 18 சதவீதம் ஆயிற்று. 3,851 ரூபாய்க்கு வரி மட்டும் 693 ரூபாய். சரக்கு வண்டிகளின் மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு 2019-ல் வரியை 12 சதவீதமாகவும், 2025-ல் 5 சதவீதமாகவும் இறக்கினார்கள். மொபெட்டுக்கு அந்தத் தயவு கிட்டவில்லை. சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்துவதும் சர்க்கார், கட்டாயத்தின்மேல் வரி போடுவதும் சர்க்கார்!

கம்பெனிகள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. "கோர்ட்டுகள் நஷ்ட ஈட்டை உயர்த்திக்கொண்டே போகின்றன, எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை" என்கின்றன. நஷ்ட ஈடு உயர்ந்தது உண்மைதான். 2017 அக்டோபர் 31-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. நிரந்தர உத்தியோகம் இல்லாதவர் 40 வயதுக்குள் விபத்தில் இறந்தால், அவர் வருமானத்தோடு 40 சதவீதம் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றது. கூலிக்காரனுக்கும் நாளை என்று ஒன்று இருந்தது என்பதை ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. அதை நாம் வரவேற்கிறோம்.

பாதுகாப்பு உயர்ந்தால் பிரீமியம் உயர்வதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. 2018-ல் நடந்ததையே பாருங்கள். இருசக்கர வண்டிச் சொந்தக்காரர் தாமே ஓட்டி விபத்தில் இறந்தால் கிடைக்கும் தொகை 1 லட்சத்திலிருந்து 15 லட்சமாயிற்று. அதற்கான பிரீமியம் 50 ரூபாயிலிருந்து 750 ஆயிற்று. கட்டணம் 15 மடங்கு, பாதுகாப்பும் 15 மடங்கு. இதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அந்த நியாயம் சரக்கு வேனில் போகிற பெண்ணுக்கு எங்கே? இதுதான் நம் கேள்வி!

2024 ஏப்ரல் 30-ம் தேதி ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் பறிபோயின. பஸ் பயணிகளுக்காவது சட்டத்தில் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு இருக்கிறது. அதே வளைவில் சரக்கு வேன் கவிழ்ந்தால்? 1994-ல் திருத்திய சட்டம் சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் மட்டுமே பாதுகாப்பில் சேர்த்தது. வேன் முதலாளியிடம் சுமை ஏற்றி இறக்க வேலை செய்கிறவருக்குத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அளவோடு சரி. வெறுமனே ஏறிப் போகிறவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில், ஆஷா ராணி வழக்கில், சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சில வழக்குகளில் "முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு சொந்தக்காரரிடம் வசூலிக்கட்டும்" என்று கோர்ட்டுகள் இரக்கம் காட்டியதுண்டு. அது இரக்கம், உரிமையல்ல. மற்ற வழக்குகளில் தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு வேன்காரர் வாசலில் நிற்க வேண்டியதுதான். அவரோ வேனையே கடனுக்கு வாங்கியவர்!

7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2018-ல் 14,390 ரூபாய், 2022-ல் 16,049 ரூபாய். கட்டணம் ஏறிற்று. பின்னால் நிற்கிற பெண்ணின் உயிருக்கு அதில் ஒரு பைசா மதிப்பும் ஏறவில்லை. மிளகு மூட்டைக்குச் சொந்தக்காரர் என்றால் பாதுகாப்பு உண்டு, அந்த மிளகைப் பறித்த கைகளுக்கு இல்லை.

"சரக்கு வண்டியில் ஆள் ஏறுவதே சட்டவிரோதம்" என்று சிலர் வாதாடலாம். உண்மை. ஆசைப்பட்டா ஏறுகிறார்கள்? ஏழு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லி, பஸ் வசதி செய்யாமல் விட்டது யார்? ஆட்களை வேனில் ஏற்றிவரச் சொல்லிக் கொத்துக்காரனை அனுப்பியது யார்? குற்றம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கா?

ஆகவே நாம் கோருவது இதுதான். வேலைக்கு ஆள் அழைத்துப் போகும் தோட்ட முதலாளி, அதற்கேற்ற வண்டி வைத்து, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தம் செலவில் இன்ஷூரன்ஸ் செய்ய வேண்டும். சரக்கு வண்டியில் ஏற்றப்பட்டுச் சாகும் உழைப்பாளிக்கும் நஷ்ட ஈடு உண்டு என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு குற்றவாளியிடம் வசூலிக்கட்டும். மொபெட்காரரின் கட்டாயப் பிரீமியத்தின் மீதுள்ள வரியை நீக்கி, ஐந்து வருஷப் பணத்தைத் தவணையில் கட்ட வழி செய்ய வேண்டும். நாட்டில் ஓடும் வண்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்று அங்கலாய்க்கிறவர்கள், அதைக் கட்டக்கூடியதாகச் செய்யட்டும் முதலில்!

தோழர்களே! வேனில் ஏறச் சொன்னால் "இன்ஷூரன்ஸ் யாருக்கு இருக்கிறது?" என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போய்விடும். சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். பிரீமியம் மலையேறிவிட்டது. உழைப்பாளியின் பாதுகாப்பையும் மேலே ஏற்றும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.